மனுவில் ஒரே வரியாகச் சுருங்கிப்போகும் முப்பது வருடப் பராமரிப்பு

விபத்து இழப்பீட்டு மனுக்களைப் புரட்டினால் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: "உதவியாளர் செலவு – ரூ. 25,000". அதற்கு மேலே "போக்குவரத்து – ரூ. 25,000". கீழே "சத்துணவு – ரூ. 25,000". கணுக்கால் எலும்பு முறிந்து மூன்று மாதத்தில் எழுந்து நடந்துவிட்டவரின் மனுவிலும் இதே வரிதான். முதுகுத்தண்டு நொறுங்கி இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் கிடப்பவரின் மனுவிலும் இதே வரிதான். பழைய மனுவை எடுத்துப் பெயரையும் தேதியையும் மாற்றித் தட்டச்சு செய்வதால் வருகிற வினை இது.

ஆஸ்பத்திரிக்குக் கட்டிய நாலு லட்சத்துக்கு ரசீது இருக்கும், அது வந்துவிடும். சம்பள இழப்புக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது, அதுவும் ஓரளவு வந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து புருஷனைப் புரட்டிப் படுக்கவைக்கும் மனைவிக்கு யார் ரசீது கொடுப்பார்கள்? காகிதம் இல்லாத செலவு நீதிமன்றத்தின் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பெரிய காயங்களில் மிகப் பெரிய தொகையாக வந்து நிற்பது இந்தப் பராமரிப்புச் செலவுதான். அதைக் காகிதத்தில் கொண்டுவருவது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு முழுக்க.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஒரு தடவைதான் தொகை நிர்ணயிக்கும். "இப்போதைக்கு இவ்வளவு வாங்கிக்கொள்வோம், ஐந்து வருடம் கழித்துப் படுக்கைப்புண் ஆபரேஷன் வந்தால் இன்னொரு மனு போடுவோம்" என்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. நாகப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: இறுதித் தீர்ப்புக்குப் பிறகு கூடுதல் தொகைக்கு மோட்டார் வாகனச் சட்டம் வழி வைக்கவில்லை, ஆகவே வருங்காலச் சிகிச்சைச் செலவையும் அப்போதே கணித்துச் சேர்த்துவிட வேண்டும். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு: மனுவில் கேட்ட தொகையைவிட அதிகமாகவும் தீர்ப்பாயம் கொடுக்கலாம். ஆனால் கேட்காததைக் கொடுக்க வைக்கச் சான்று வேண்டுமே. அது இல்லாமல் எந்த நீதிபதியும் தானாகக் கூட்டித் தரமாட்டார்.

எந்த வாசல் வழியாகப் போவது

சேலத்து ஆட்களுக்கு இந்தக் கேள்வி முக்கியம். ஏற்காட்டுத் தோட்டங்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் முக்கியம்.

சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கும்போது தவறி விழுந்து முதுகு முறிந்தால் அது வேலையிட விபத்து. வாகனம் சம்பந்தப்படவில்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்குதான் பொருந்தும். நிரந்தர முழு ஊனம் என்றால் மாத ஊதியத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்குக் காரணி 184.17. 1923-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் கீழ் 2020 முதல் கணக்குக்கு எடுத்துக்கொண்ட உச்ச ஊதியம் மாதம் 15,000 ரூபாய். அதன்படி 9,000 × 184.17, அதாவது 16,57,530 ரூபாய். அதற்கு மேல் உண்மையான மருத்துவச் செலவு. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் 60 சதவீதமும் காரணியும் அப்படியே தொடர்கின்றன. இந்த வாய்பாட்டில் ஒரு நல்லது உண்டு: யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கெட்டதும் உண்டு: பார்த்துக்கொள்பவருக்கு என்று ஒரு பைசாகூட அதில் கிடையாது.

அதே தொழிலாளி தோட்டத்து ஜீப்பில் போகும்போது வண்டி கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்தால் இரண்டு வாசலும் திறந்திருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-ஆம் பிரிவு சொல்வது: இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்படுகிற காயம் என்றால் 166-ஆம் பிரிவின் கீழ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவதுதான் பெரும்பாலும் சரி, ஏனென்றால் அங்கே "நியாயமான இழப்பீடு" என்பதற்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் அங்கே ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். காயம்பட்டவரே ஓட்டுநர், தானே கவிழ்த்தார் என்றால் தொழிலாளர் இழப்பீட்டுப் பக்கம்தான் போக வேண்டும். அவசரப்பட்டுத் தொழிலாளர் துறையில் மனு போட்டுத் தொகை வாங்கிய பிறகு மறு வாசல் மூடிக்கொள்ளும். மருத்துவமனை வராந்தாவில் வந்து "கையெழுத்துப் போடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தச் சட்டத்தின் கீழ் மனு என்பதைத்தான்.

மலைப்பாதையில் இன்னொரு சிக்கல், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது. பிக்கப்பிலும் மினி டெம்போவிலும் காப்பிக்கொட்டை மூட்டையோடு பத்துப் பேர் உட்கார்ந்து வருவது ஏற்காட்டுப் பக்கம் யாருக்கும் புதிதில்லை. சரக்கு வண்டியில் சும்மா ஏறிவந்த பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியின் சொந்தக்காரரிடம் வேலை செய்பவராக, சரக்கு ஏற்றி இறக்க வந்தவராக இருந்தால் நிலைமை வேறு. அதனால் "கூலி கொடுத்து ஏறினோம்" என்றோ "லிஃப்ட் கேட்டு ஏறினோம்" என்றோ காவல் நிலையத்தில் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வாக்கியம் பல லட்சத்தைத் தீர்மானிக்கிறது. உண்மை எதுவோ அதைச் சொல்லுங்கள், ஆனால் முழுதாகச் சொல்லுங்கள்: யாருடைய வேலைக்காக, எந்தச் சரக்கோடு, யார் சொல்லி ஏறினீர்கள் என்பது வரை.

இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்தவருக்கும் இதே மாதிரி ஒரு பொறி. வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்து, தப்பும் அதே வண்டி ஓட்டியவருடையது என்றால், பின்னால் இருந்தவருக்குக் காப்பீட்டில் இருந்து வராது. முழுமைக் காப்பீடு என்றால் வரும். எதிரே வந்த வண்டியின் மேல் தப்பு என்றால் இந்தக் கேள்வியே எழாது. வண்டியின் சொந்தக்காரரே ஓட்டிக் கீழே விழுந்தால், உரிமமும் இருந்தால், கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் இருக்கிறதா என்று பாலிசியைப் பாருங்கள். பலர் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி கடைசிவரை கிடைக்கவில்லை என்றால் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய்தான், அதுவும் வருவாய்க் கோட்ட அளவிலான விசாரணை அலுவலர் வழியாக. ஆயுள் முழுக்கப் பராமரிப்புக்கு இந்தத் தொகை எந்த மூலைக்கு? அதனால்தான் வண்டி எண்ணைக் கண்டுபிடிக்க முதல் வாரத்தில் செலவழிக்கும் நேரம் வீணல்ல. ஏற்காட்டுப் பாதை என்றால் அடிவாரச் சோதனைச்சாவடி, கோரிமேட்டுக் கடைகளின் கேமரா, குப்பனூர் வழி என்றால் அந்தப் பக்கத்துக் கடைகள். கேமராப் பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும், எழுத்தில் காவல் நிலையத்துக்குக் கொடுத்து உடனே எடுக்கச் சொல்லுங்கள்.

முதல் நாள் எழுதப்படும் நாலு வார்த்தை

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்ததும் விபத்துப் பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதப்படும். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். "எப்படிங்க அடிபட்டுச்சு?" என்று கேட்கும்போது, ரத்தத்தைப் பார்த்துப் பதறிப்போன மச்சான், "பைக்ல போறப்ப விழுந்துட்டாருங்க" என்பார். பதிவேட்டில் "தானாக விழுந்தது" என்று ஏறிவிடும். இரண்டு வருடம் கழித்துக் காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முதலில் காட்டும் காகிதம் அதுதான். எந்த வண்டி, எந்தத் திசையில் வந்து, எப்படி மோதியது என்பதைச் சொல்லி எழுதவைக்க வேண்டும். தவறாக ஏறிவிட்டது தெரிந்தால், காயம்பட்டவர் பேசும் நிலைக்கு வந்ததும் காவல் துறையிடம் வாக்குமூலம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். புகார் இரண்டு மூன்று நாள் தாமதமானதாலேயே மனு தள்ளுபடி ஆகாது, உயிரைக் காப்பாற்றத்தான் முதலில் ஓடுவார்கள் என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. ஆனால் தாமதத்துக்கும் முரண்பாட்டுக்கும் வித்தியாசம் உண்டு. முரண்பாட்டுக்கு மன்னிப்பு கிடைப்பது கடினம்.

முதல் தகவல் அறிக்கையில் பிரிவுகளையும் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த விபத்து என்றால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுதல்), 125 என்று இருக்கும். 125(அ) சாதாரணக் காயம், 125(ஆ) கொடுங்காயம் என்று கொள்ளுங்கள். முதலில் சாதாரணம் என்று போட்டிருந்து பிறகு முறிவு தெரிந்தால், பிரிவு மாற்ற அறிக்கை கேட்டு வாங்க வேண்டும்.

2022-இல் வந்த விதிகளின்படி காவல் துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும். காயம்பட்டவர் தரப்பு நிரப்பவேண்டியது படிவம் 6. அதைக் கேட்டு வாங்கி, அன்றைய நிலையில் எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள், யார் வேலையை விட்டு வந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். பின்னால் சொல்லப்போவதற்கு அதுவே முதல் சாட்சி.

மனு போட 6 மாதக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் மீண்டும் வந்திருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. இருந்தாலும் அவற்றை நம்பி உட்கார வேண்டாம். விபத்து தொப்பூர் கணவாயில், அதாவது தர்மபுரி மாவட்டத்தில் நடந்திருந்தாலும் மனுதாரர் சேலத்தில் குடியிருந்தால் சேலத்திலேயே போடலாம். படுத்த படுக்கையாக இருப்பவரை அங்கும் இங்கும் அலைக்கழிக்கத் தேவையில்லை.

"ஆறு மாதத்துக்குள் ஊனம் எவ்வளவு என்றே தெரியாதே" என்பது நியாயமான கேள்வி. தண்டுவடக் காயம் நிலைபெற ஒரு வருடம்கூட ஆகும். மனுவை முதலில் போட்டுவிட்டு, ஊன மதிப்பீட்டை நிலைமை நிலைபெற்ற பிறகு செய்வதுதான் முறை. தொகையைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம்.

சதவீதம் என்ற மாயம்

"டாக்டர் 60 சதவீதம் போட்டுக் கொடுத்துட்டாரு" என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். எதில் 60? அந்தக் காலிலா, முழு உடம்பிலா, சம்பாதிக்கும் திறனிலா? மூன்றும் வேறு. ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துக் காட்டியது. இடது கை போனால் ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடலாம், அதே கை போன எழுத்தருக்குச் சம்பளம் குறையாமலே இருக்கலாம் என்பது அதில் வரும் எடுத்துக்காட்டு.

சேலத்துக்கு அதை மாற்றிச் சொன்னால் எளிதில் விளங்கும். செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ வெள்ளிக் கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைப்பவருக்கு வலது கைக் கட்டைவிரல் நரம்பு போனால், மருத்துவச் சான்றிதழில் சொற்பச் சதவீதம்தான் வரும், ஆனால் தொழில் முழுதாகப் போயிற்று. தாரமங்கலத்தில் விசைத்தறி ஓட்டுபவர் நாள் முழுக்க நின்றுகொண்டு நாலு தறியைச் சுற்றி வர வேண்டும், முழங்கால் மடங்காவிட்டால் அவருக்கு உட்கார்ந்து செய்ய அங்கே வேறு வேலை கிடையாது. இதைச் சான்றிதழ் சொல்லாது. சாட்சிதான் சொல்ல வேண்டும்: தறி முதலாளி, சக தொழிலாளி, வேலை செய்யும் விதத்தைக் காட்டும் நாலு படம்.

இன்னொன்று, சிகிச்சை பார்க்காத மருத்துவர் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதித்தரும் சான்றிதழ். அதை நீதிமன்றங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன, பார்க்கவும் வேண்டும். ஆபரேஷன் செய்த மருத்துவரோ, தீர்ப்பாயம் அனுப்பும் மருத்துவக் குழுவோ கொடுத்தால் எடை அதிகம். மருத்துவரிடம் சதவீதத்தை மட்டும் கேட்டுவிட்டு வரக்கூடாது. இவருக்கு யாராவது கூடவே இருக்க வேண்டுமா, எத்தனை மணி நேரம், எவ்வளவு காலத்துக்கு, சிறுநீர் மலம் கட்டுப்பாடு உண்டா, படுக்கைப்புண் வர வாய்ப்பு எப்படி, அடுத்த பத்து வருடத்தில் என்ன என்ன ஆபரேஷன் வரலாம் என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். பராமரிப்புத் தொகைக்கு அடித்தளம் அந்த ஒரு பக்கம்தான். வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மறுவாழ்வு மையத்துக்குப் போய்வந்தவர்களின் டிஸ்சார்ஜ் குறிப்பில் இந்த விவரங்கள் பெரும்பாலும் இருக்கும். அதை ஒரு பையில் மடித்து வைத்துவிட்டு வழக்கறிஞரிடம் ஸ்கேன் பிலிமை மட்டும் கொடுப்பவர்களை என்ன சொல்ல.

ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒருவரைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன வேலை என்று நீதிபதிக்குத் தெரிந்திருக்கும் என நினைப்பது தப்பு. குடும்பத்துக்கே முழுக்கணக்கு தெரியாது, பழகிப்போயிருக்கும்.

படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும், ராத்திரியும்தான். தவறினால் வால் எலும்புக்கு மேலே, குதிகாலில், இடுப்பெலும்புப் பக்கவாட்டில் தோல் கருத்துப் புண்ணாகும். உணர்ச்சி இல்லாததால் அவருக்கே தெரியாது. டியூப் வைத்துச் சிறுநீர் எடுப்பது நாளைக்கு 4 முதல் 6 தடவை, ஒவ்வொரு தடவையும் கை கழுவி, ஜெல் தடவி, அளவு குறித்து, கழுவி வைக்கப் பதினைந்து நிமிடம். மலம் கழிக்கவைப்பது தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், முக்கால் மணி நேரம். குளிப்பாட்டித் துடைத்து உடம்பு முழுக்கத் தோலைப் பார்ப்பது இன்னொரு முக்கால் மணி. கால்களை மடக்கி நீட்டும் பயிற்சி காலை மாலை அரை அரை மணி, இதை விட்டால் தசை இறுகிக் கால் மடங்கியே நின்றுவிடும். கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியில் இருந்து கட்டிலுக்கு. துணி துவைப்பு, தனி. எல்லாம் கூட்டினால் கையால் செய்யும் வேலையே ஆறேழு மணி நேரம் வருகிறது. மிச்ச நேரம் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வேண்டும். ராத்திரி அலாரம் வைத்து எழுந்து புரட்டிய ஒருவர் பகலில் முழுநேரமும் இதைச் செய்ய முடியாது. அதனால்தான் இரண்டு ஆள் கணக்கு வருகிறது.

தினமும் வருடக்கணக்கில் நாட்குறிப்பு எழுதச் சொல்லும் ஆலோசனையை நான் நம்புவதில்லை. யாரும் எழுதமாட்டார்கள், எழுதினாலும் சாட்சிக் கூண்டில் ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதிய மாதிரி இருக்கிறதே என்று கேட்பார்கள். மூன்று வாரம் போதும்: வீட்டுக்கு வந்த முதல் வாரம், ஆறாம் மாதம் ஒரு வாரம், சாட்சியம் கொடுக்கப் போகும் முன் ஒரு வாரம். ஒரு பள்ளிக்கூட நோட்டில் நேரம், செய்த வேலை, செய்தவர் பெயர். பிசியோதெரபிஸ்ட் வரும்போது அந்தப் பக்கத்தில் அவர் கையெழுத்து. இதை மனுதாரர் சான்றாவணமாகக் குறியிட்டுவிடலாம். செல்போனில் எடுத்த வீடியோ என்றால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்று (மின்னணுப் பதிவுக்கான சான்று) இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிர்ப்பு வரும்.

சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தால் கையில் காசாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்குக்கோ ஜிபேயிலோ அனுப்புங்கள். பக்கத்து வீட்டு அக்காதான் வருகிறார் என்றாலும் சரி. வீட்டுப் பெண்கள்தான் பார்க்கிறார்கள் என்றால், அவர்கள் முன்பு என்ன வேலைக்குப் போனார்கள், எப்போது விட்டார்கள் என்பதற்குச் சான்று. இளம்பிள்ளையில் பாவு வேலைக்குப் போன அம்மா நின்றுவிட்டார் என்றால் அங்கே கூலி போட்டவரிடம் ஒரு கடிதம். கூடவே சேலத்தில் வீட்டுக்கு ஆள் அனுப்பும் இரண்டு நர்சிங் ஏஜென்சியிடம் 12 மணி நேரத்துக்கும் 24 மணி நேரத்துக்கும் மாதக் கட்டணம் எழுதி வாங்குங்கள்.

"மனைவிதானே பார்த்துக்கொள்கிறார், செலவு எங்கே வந்தது?" என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கும். இதற்குப் பதில் காஜல் வழக்கில் இருக்கிறது. 12 வயதில் விபத்தில் மூளைக் காயம்பட்டு ஆயுள் முழுக்கப் படுக்கையான சிறுமிக்கு, 2020-இல் உச்ச நீதிமன்றம் நாள் முழுக்க இரண்டு உதவியாளர் தேவை என்று ஏற்று, மாதம் 10,000 ரூபாயை 12 மாதத்தாலும், வயதைப் பொறுத்து வரும் 18 என்ற பெருக்குத்தொகையாலும் பெருக்கி 21,60,000 ரூபாய் கொடுத்தது. உயர் நீதிமன்றம் போட்டிருந்தது மாதம் 2,500. குடும்பம் பார்த்துக்கொள்கிறது என்பதால் அந்த உழைப்புக்கு விலை இல்லாமல் போகாது. வீட்டு வேலைக்கே மதிப்புப் போட வேண்டும் என்று 2021-இல் கீர்த்தி வழக்கிலும் சொல்லியாயிற்று.

கணக்கு

பெருக்குத்தொகை அட்டவணை 2009-இல் சரளா வர்மா வழக்கில் வந்தது: 15 முதல் 25 வயதுவரை 18, 26–30 என்றால் 17, 31–35 என்றால் 16, 36–40 என்றால் 15, 41–45 என்றால் 14, 46–50 என்றால் 13. அதற்கு மேல் 11, 9, 7 என்று இறங்கி 65-க்கு மேல் 5. எதிர்கால வருமான உயர்வுக்கு 2017-இன் பிரணய் சேத்தி தீர்ப்புப்படி, சொந்தத் தொழில் அல்லது நிரந்தரமல்லாத வேலையில் இருப்பவர் 40 வயதுக்குள் என்றால் 40 சதவீதம் கூட்ட வேண்டும். காயவழக்கில் சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கு கழிக்கக்கூடாது, அது இறப்பு வழக்குக் கணக்கு. இரண்டையும் குழப்பிக் கழித்த தீர்ப்புகள் மேல்முறையீட்டில் திருத்தப்பட்டிருக்கின்றன.

32 வயது விசைத்தறித் தொழிலாளி, மாதம் 15,000, முழுச் செயலிழப்பு என்று வைத்துக்கொள்வோம். வருமான இழப்பு 21,000 × 12 × 16, அதாவது 40,32,000. இப்போது பராமரிப்பு. உதவியாளருக்கு மாதம் 15,000 என்றால் 28,80,000. டியூப், பை, ஜெல், கையுறைக்கு 2,000, டயப்பரும் படுக்கை விரிப்பும் 2,400, மருந்து 1,800, பிசியோதெரபி மாதம் எட்டு வருகைக்கு 3,200, பரிசோதனையும் வண்டிச் செலவும் சராசரி 1,200 என்றால் மாதம் 10,600, அதற்கு 20,35,200. பராமரிப்பு மட்டும் 49,15,200 ஆகிறது. வருமான இழப்பைவிட அதிகம். இந்த இடத்தில்தான் "உதவியாளர் செலவு – ரூ. 25,000" என்று எழுதியிருக்கிறார்கள். (இந்த மாதத் தொகைகள் கணக்குக் காட்ட நான் போட்டவை, உங்கள் மருந்துக்கடைப் பில் என்ன சொல்கிறதோ அதைப் போடுங்கள்.)

பெருக்குத்தொகை 16 என்பது 16 வருடத்துக்குத்தான் பணம் என்று அர்த்தமில்லை. மொத்தமாகக் கையில் வரும் தொகையை வங்கியில் போட்டு வட்டியோடு கரைத்தால் ஆயுள் முழுக்க வரும் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். உதவியாளர் கூலி வட்டியைவிட வேகமாக ஏறுகிறது என்பது நடைமுறை. அதனால் மாதத் தொகையை நிர்ணயிக்கும்போதே கஞ்சத்தனம் காட்டக்கூடாது. விபத்து நாளின் கூலியை வைத்தா, சாட்சியம் சொல்லும் நாளின் கூலியை வைத்தா என்பதில் இரண்டாவதைத்தான் வலியுறுத்த வேண்டும். வருங்காலச் செலவுத் தொகைக்கு வட்டி கொடுப்பதில்லை என்ற நிலைப்பாடு தீர்ப்புகளில் இருப்பதால், அந்தத் தலைப்பில் பழைய விலையைப் போட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

சக்கர நாற்காலி, அதன் மெத்தை, காற்றுப் படுக்கை ஆகியவை ஒரு தடவை வாங்கி முடிவதல்ல. நாற்காலி ஐந்து வருடம் வந்தால் பெரிது, மெத்தை இரண்டு வருடம். மாற்றும் இடைவெளியோடு கடையில் வாங்கிய விலைப்புள்ளியை இணையுங்கள்.

வீடும் சரிவும்

சாய்தளம் கட்ட 1:12 விகிதம் வேண்டும். வாசற்படி ஒன்றரை அடி உயரம் என்றால் 18 அடி நீளச் சாய்தளம். அம்மாபேட்டையில் தெருவை ஒட்டிய வீட்டுக்கு 18 அடி எங்கே போவது? ஏற்காட்டுத் தோட்டத்து லயன் வீடு (தொழிலாளர்களின் வரிசை வீடு) என்றால் இன்னும் மோசம், பாதையே படிக்கட்டாக இருக்கும், கழிவறை வெளியே சரிவில் இருக்கும். அங்கே சாய்தளம் கட்டும் செலவைக் கேட்பதில் அர்த்தமில்லை. சமதரையில் வாடகைக்கு வீடு எடுத்து இறங்கிவருவதற்கான மாத வாடகையைக் கேட்பதுதான் பொருத்தம். பொறியாளர் ஒருவர் வீட்டின் வரைபடத்தோடு, கதவு அகலம் 80 செ.மீ. இல்லை, நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம் இல்லை, பாதையில் இத்தனை படி என்று எழுதித் தந்தால் போதும். படங்களோடு அதைப் பார்க்கும் நீதிபதிக்கு விளக்கம் தேவைப்படாது. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது என்பதையும் சொல்ல வேண்டும்: வேலை போனால் கூரையும் போகும்.

தலைக்காயம்

வெளியே பார்த்தால் ஆள் நன்றாக இருப்பார். நடப்பார், பேசுவார். அடுப்பை அணைக்க மறப்பார், காரணமில்லாமல் கையை ஓங்குவார், வீட்டுக்கு வழி தெரியாமல் பழைய பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருப்பார். எலும்பு மருத்துவரின் சான்றிதழில் இதெல்லாம் வராது. நரம்பியல் மருத்துவரும், நினைவாற்றலும் நடத்தையும் சோதிக்கும் மருத்துவ உளவியலாளரும் சோதித்து எழுத வேண்டும். இவரைத் தனியாக விட முடியாது என்ற ஒரு வாக்கியம் அந்த அறிக்கையில் இல்லாவிட்டால், பராமரிப்புத் தொகை கேட்கும்போது "அவர்தான் கோர்ட்டுக்கு நடந்து வந்தாரே" என்று முடித்துவிடுவார்கள். அவர் சார்பில் மனைவியோ பெற்றோரோ பிரதிநிதியாக மனு நடத்தலாம்.

ஹெல்மெட் போடாததற்காகத் தலைக்காயத்தில் ஒரு பங்கு கழிக்கும் வழக்கம் உண்டு. ஒரே வண்டியில் மூன்று பேர் போனார்கள் என்பதாலேயே கழிக்க முடியாது, அதுதான் விபத்துக்குக் காரணம் என்று காட்ட வேண்டும் என்று 2020-இல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மக்கள் நீதிமன்றமும் அதற்குப் பிறகும்

படுக்கையில் இருப்பவரை ஸ்ட்ரெச்சரில் கோர்ட்டுக்குத் தூக்கிவந்து காட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தீர்ப்பாயம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரை வீட்டுக்கே அனுப்பிச் சாட்சியம் பதிவுசெய்யக் கேட்கலாம். வீட்டில் பதிவானால் கட்டிலும் டியூப்பும் வாசற்படியும் சாட்சியத்தின் பகுதியாகவே வந்துவிடும்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் மேல்முறையீடு கிடையாது. சின்னக் காயங்களுக்கு அது நல்ல வழி, சீக்கிரம் பணம் வரும். ஆயுள் பராமரிப்பு வழக்கில், மருத்துவரின் அந்த ஒரு பக்கமும் உதவியாளர் கணக்கும் கையில் வருவதற்கு முன் சமரசத்துக்கு உட்காரக்கூடாது. கடன்காரர் வாசலில் நிற்கும்போது 18 லட்சம் பெரிதாகத்தான் தெரியும். மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

தீர்ப்பாயம் தொகை குறைத்துப் போட்டால் 90 நாட்களுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு. ஏற்காட்டு மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள், தண்டுவடக் காயம் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

வழக்கு நடக்கும்போதே மனுதாரர் இறந்துபோவதும் உண்டு. படுக்கைப்புண் சீழ்பிடித்தோ சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் கலந்தோ இறந்தால், அது விபத்தின் தொடர்ச்சி என்று காட்டும் மருத்துவமனைக் குறிப்பும் பிரேதப் பரிசோதனையும் வேண்டும். துக்கத்தில் அதை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டால், இறப்புக்கான இழப்பீடாக மனுவை மாற்றுவது மிகக் கடினமாகிவிடும்.

தொகை வந்ததும் பெரும்பகுதியைத் தீர்ப்பாயம் வங்கி வைப்பில் போடச் சொல்லும். மாத வட்டி கணக்கில் வரும்படி உத்தரவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு கேட்டால் தனி மனு. அசலில் இருந்து எடுக்க வேண்டுமானால் காரணத்தோடும் விலைப்பட்டியலோடும் மனுப் போட வேண்டும். காற்றுப் படுக்கை, நாற்காலி, சாய்தளம் ஆகிய மூன்றுக்குமான தொகையை முதல் உத்தரவிலேயே ரொக்கமாக விடுவிக்கக் கேட்டுவிட்டால், வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே அவற்றை வாங்கிப் போட்டுவிடலாம்.